கம்ப்யூட்டரை மூடும் நேரம்: வீட்டில் பிள்ளைகளுக்கு வரம்பு வைக்க ஒரு வழிகாட்டி

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விடலாம்?" பிள்ளைகளின் கம்ப்யூட்டர் நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அதற்குப் பதில் உண்டு, கீழே வருகிறது. ஆனால் வீட்டில் சண்டை எப்போது வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். "போதும், மூடு" என்று சொல்கிற அந்தச் சில நிமிடங்களில்தான் அழுகையும் கத்தலும் வருகின்றன. எவ்வளவு நேரம் என்று முடிவு செய்வது சுலபமான வேலை. அந்த நேரத்தை எப்படி முடிப்பது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைப்பதுதான் கடினம். பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டாவது வேலையை யாரும் செய்வதில்லை. அதனால்தான் நல்ல விதிகள்கூட இரண்டு வாரத்தில் கைவிடப்படுகின்றன.

இதுவரை இப்படிப்பட்ட கட்டுப்பாடு எதையும் அமைத்துப் பழகாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் செய்யவேண்டிய அமைப்புகளை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். பழக்கம் படிய அதைவிட நாளாகும்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

சும்மா கவனியுங்கள். பிள்ளை எப்போது உட்காருகிறது, என்ன செய்கிறது, எப்போது எழுந்திருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். "கம்ப்யூட்டரில் இருக்கிறான்" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட வேண்டாம். வீட்டுப்பாடம், நண்பர்களோடு சேர்ந்து ஆடும் விளையாட்டு, தனியாக எதையாவது கட்டி உருவாக்கும் விளையாட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வீடியோ, படம் வரைவது, புரோகிராம் எழுதிப் பழகுவது என்று பிரித்து எழுதுங்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு வைத்தால், வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கும் முடிவில்லாத குட்டி வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கும் ஒரே தண்டனை கிடைக்கும். அது நியாயமில்லை. பிள்ளைகள் அந்த அநியாயத்தை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் விதி மீது மரியாதை போய்விடும்.

ஒரு வாரக் குறிப்பைப் பார்த்தாலே, உங்கள் வீட்டில் பிரச்சினை மொத்த நேரமா, குறிப்பிட்ட ஒரு விளையாட்டா, இரவு நேரமா என்று ஓரளவு தெரிந்துவிடும். பல வீடுகளில் இரவுதான்.

எத்தனை மணி நேரம்?

சின்னக் குழந்தைகளுக்குத் தெளிவான அளவு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2 வயதுக்குள் உட்கார்ந்தபடி திரை பார்க்கும் நேரமே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், அதிலும் குறைந்தால் நல்லது. பள்ளிக்குப் போகும் வயதில் இப்படி ஓர் எண் கிடைக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-இல் தந்த பரிந்துரையில், 6 வயதுக்கு மேல் எண் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு பொருத்தமான வரம்பை வைத்து அதை மாறாமல் கடைப்பிடிக்கச் சொன்னது. தூக்கத்தையும் உடல் அசைவையும் திரை நேரம் தின்றுவிடக் கூடாது என்பதுதான் அடிப்படை.

அதனால் என் யோசனை: கம்ப்யூட்டருக்கு நேரம் ஒதுக்கித் தொடங்காதீர்கள். மற்றதற்கெல்லாம் ஒதுக்கிவிட்டு மீதியைப் பாருங்கள்.

உதாரணமாக 10 வயதுப் பிள்ளை ஒன்று. 6 முதல் 12 வயது வரை ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் தரும் அளவு. காலை 6:30-க்கு எழ வேண்டுமென்றால் இரவு 9 மணிக்காவது தூங்கியிருக்க வேண்டும். பள்ளி முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி 4 என்று வைப்போம். கையில் 5 மணி நேரம். குளிக்க, சாப்பிட 1 மணி நேரம். வீட்டுப்பாடம் ஒன்றரை மணி நேரம். வெளியே ஓடி விளையாட 1 மணி நேரம். 5 வயதுக்கு மேல் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூங்குவதற்கு முந்தைய 1 மணி நேரம் திரை இல்லாமல் இருக்கட்டும். மொத்தம் நாலரை மணி நேரம் போய்விட்டது. மீதி அரை மணி நேரம்.

இந்தக் கணக்கைப் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே தாளில் போடுங்கள். அரை மணி நேரம் என்பது அப்பா கோபத்தில் சொன்ன எண் இல்லை, நாளில் அவ்வளவுதான் இடம் இருக்கிறது என்று பிள்ளையே கண்ணால் பார்க்கும். விடுமுறை நாளில் அதே தாளில் இரண்டு மணி நேரம் வரலாம், வரட்டும். வெளியே விளையாடும் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே அதிகம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது?

ஆட்கள் வந்துபோகும் இடத்தில், திரை எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். லேப்டாப் என்றால் இரவில் அது தூங்கும் இடம் பிள்ளையின் அறையாக இருக்கக் கூடாது. சார்ஜர் கூடத்திலேயே நிற்கட்டும். இந்த ஒரு மாற்றம் பல சாஃப்ட்வேர்கள் செய்வதைவிட அதிகம் செய்யும்.

பிள்ளைக்குத் தனிக் கணக்கு

இனி வருவதுதான் கம்ப்யூட்டருக்குள் செய்யும் வேலை. எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: பிள்ளைக்குத் தனியாக ஒரு பயனர் கணக்கு. வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் நுழைந்தால் எந்த வரம்பையும் வைக்க முடியாது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாதே.

கணக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று அட்மின் கணக்கு. புதிய சாஃப்ட்வேர் போடலாம், கடிகாரத்தை மாற்றலாம், மற்றவர்களின் கணக்கையே நீக்கலாம். இன்னொன்று சாதாரணக் கணக்கு. அதில் இவை பெரும்பாலும் முடியாது. பிள்ளையின் கணக்கு சாதாரணக் கணக்காகத்தான் இருக்க வேண்டும். உங்களுடையது அட்மின் கணக்கு, அதற்குப் பிள்ளைக்குத் தெரியாத பாஸ்வேர்ட். பிறந்த தேதி, வண்டி எண் வேண்டாம். அவற்றைப் பிள்ளைகள்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள். பிள்ளை ஏற்கெனவே அட்மின் கணக்கில் இருந்தால், முதலில் உங்களுக்கு ஓர் அட்மின் கணக்கை உருவாக்கி, அதில் நுழைந்து பார்த்துவிட்டு, அப்புறம் பிள்ளையின் கணக்கை மாற்றுங்கள். வரிசை தவறினால் நீங்களே வெளியே நிற்க வேண்டிவரும்.

விண்டோஸில் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், ஃபேமிலி என்று போய்ப் பிள்ளையைக் குடும்பத்தில் சேருங்கள். பிள்ளைக்கு ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவைப்படும், அங்கேயே உருவாக்கிக்கொள்ளலாம். பிறகு அந்தக் கணக்கில் பிள்ளை ஒருமுறை கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும். அதன்பின் உங்கள் போனில் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி ஆப்பைப் போட்டுக்கொண்டால், எந்தக் கிழமை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, மொத்தம் எவ்வளவு நேரம் என்று அங்கிருந்தே வைக்கலாம். தனித்தனி விளையாட்டுக்கும் ஆப்புக்கும் வேறு வேறு வரம்பு வைக்கவும் வழி இருக்கிறது. இணையதள வடிகட்டி மட்டும் எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும் என்பதை நினைவில் வையுங்கள்.

மேக் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்க்ரீன் டைம். 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து இது இருக்கிறது. இரவில் எல்லாம் அடங்கும் நேரத்துக்கு டவுன்டைம், தனித்தனி ஆப்புக்கு ஆப் லிமிட்ஸ். இங்கே பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ஸ்க்ரீன் டைமுக்கென்று தனியாக ஒரு 4 இலக்க எண் வைக்க வேண்டும், அதோடு நேரம் முடிந்ததும் தடுக்கச் சொல்லும் தேர்வையும் போட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நேரம் முடிந்தது என்று ஓர் அறிவிப்பு வரும், பிள்ளை அதைப் புறக்கணித்துவிட்டுத் தொடரலாம்.

க்ரோம்புக்கில் கூகுளின் ஃபேமிலி லிங்க். கம்ப்யூட்டரின் உரிமையாளர் கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும், பிள்ளையின் கணக்கை இரண்டாவதாகச் சேருங்கள், விருந்தினர் முறையை அணைத்துவிடுங்கள். லினக்ஸ் வீடுகளுக்கு டைம்கேபிஆர் நெக்ஸ்ட் என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. ஒவ்வொரு பயனருக்கும் கிழமைவாரியாக நேரம் வைக்கலாம், முடியப்போகிறது என்று அதுவே முன்கூட்டி எச்சரிக்கும்.

எதை வைத்தாலும் கடைசியில் செய்யவேண்டியது: பிள்ளையின் கணக்கில் நீங்களே நுழைந்து, வரம்பை 5 நிமிடத்துக்கு மாற்றி, நிஜமாகவே மூடுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். முடியும் முன் எச்சரிக்கை வருகிறதா, சேமிக்காத வேலை என்ன ஆகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிள்ளைக்கு நடக்கப்போவதை நீங்கள் ஒருமுறை அனுபவித்துவிடுவது நல்லது.

வீட்டுப்பாடம் நடுவில் மூடிக்கொண்டால்?

நிச்சயம் நடக்கும். கட்டுரையின் கடைசிப் பத்தியை எழுதும்போது திரை பூட்டிக்கொண்டால் பிள்ளையின் கோபம் நியாயமானது. பள்ளி வேலை இணையத்தில் அதிகம் நடக்கும் வீட்டில், மொத்தக் கம்ப்யூட்டருக்கும் பகல் நேர வரம்பு வைக்காதீர்கள். இரவு மூடும் நேரத்தை மட்டும் மொத்தமாக வைத்துவிட்டு, பகலில் விளையாட்டுக்கும் வீடியோவுக்கும் மட்டும் தனி வரம்பு வைப்பதுதான் சரி. எழுதும் செயலியும் பள்ளியின் தளமும் திறந்தே இருக்கட்டும். ஒன்றை மட்டும் பாருங்கள்: ஆப்பை மட்டும் கட்டுப்படுத்தினால் அதே வீடியோத் தளம் பிரவுசரில் திறக்கும். தளத்தையும் சேர்த்தே வரம்புக்குள் கொண்டுவாருங்கள்.

மூடும் நேரம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

நண்பர்களோடு இணையத்தில் ஆடும் விளையாட்டை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பிள்ளை எழுந்து போனால் அதன் அணி தோற்கும். சில விளையாட்டுகளில் பாதியில் போனவருக்கு அபராதமும் உண்டு. "7 மணி ஆச்சு, இப்போவே மூடு" என்று நீங்கள் சொல்லும்போது பிள்ளை கேட்பது, "உன் நண்பர்களை நட்டாற்றில் விட்டுவிட்டு வா" என்பதைத்தான். அதனால் விளையாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் போகும் என்று பிள்ளையிடமே கேளுங்கள், ஆர்வமாகச் சொல்வார்கள். ஓர் ஆட்டம் 20 நிமிடம் என்றால், அரை மணி நேரம் என்று வரம்பு வைப்பது சண்டைக்கு அழைப்பு. 40 நிமிடம், அதாவது 2 ஆட்டம் என்று வைத்தால் முடிவு தானாக வரும். மீதி நேரம் ஓர் ஆட்டத்துக்குப் போதாதென்றால் புதிய ஆட்டம் தொடங்குவதில்லை என்பதையும் அப்போதே பேசிவையுங்கள்.

வீடியோவில் சிக்கல் நேர் எதிர். அதற்கு முடிவே கிடையாது. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும்படி வேண்டுமென்றேதான் அமைத்திருக்கிறார்கள். யூடியூபில் ஆட்டோபிளே என்ற பொத்தானை அணைத்துவிடுங்கள். எந்த வீடியோக்கள் என்று உட்காருமுன்பே பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். அவை முடிந்தால் நேரமும் முடிந்தது. குட்டி வீடியோக்களுக்கு இந்த முறை பலிக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு அவற்றை முழுக்கவே விலக்கிவிடலாம் என்பது என் கருத்து, அதில் எனக்குத் தயக்கம் இல்லை. மைன்கிராஃப்ட் மாதிரி தனியாகக் கட்டி ஆடும் விளையாட்டை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம். ஆனாலும் கையிலிருக்கும் வேலையை முடிக்க ஒரு 5 நிமிடம் கொடுங்கள்.

சொன்ன நேரமும் பூட்டும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டாம். 7 மணிக்கு முடிக்க வேண்டும் என்பது பேச்சு. கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்வது 7:15-க்கு. இடையில் இருக்கும் கால் மணி நேரம் பிள்ளை தானாக மூடுவதற்கு. தானாக மூடும் பிள்ளை ஒவ்வொரு நாளும் ஒரு சின்னப் பொறுப்பைக் கற்றுக்கொள்கிறது. பூட்டு என்பது வயலோரத்து வேலி மாதிரி, தினமும் போய் அதில் முட்டிக்கொள்வதற்காக வைப்பதில்லை. தினமும் 7:15 பூட்டில்தான் முடிகிறது என்றால், அந்த வாரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அர்த்தம்.

முடிவதற்கு 10 நிமிடம் இருக்கும்போது பக்கத்தில் போங்கள். சமையலறையிலிருந்து குரல் கொடுத்தால் காதில் விழாது. ஹெட்போன் போட்டிருந்தால் நிஜமாகவே விழாது. பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன, இவன் யாரு, ஜெயிச்சிருவியா?" என்று இரண்டு நிமிடம் கேளுங்கள். பிள்ளையின் கவனம் திரையிலிருந்து உங்கள் பக்கம் மெல்லத் திரும்பும். அப்புறம் நேரத்தை நினைவுபடுத்துங்கள். இதற்கு மேல் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை, ஆனால் தினமும் செய்ய வேண்டும்.

மூடியதும் அடுத்து என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கும் நேரம் கம்ப்யூட்டருக்கு மிகப் பொருத்தம். பசி எழுப்பிக் கூட்டிவந்துவிடும். வீட்டுப்பாடத்துக்கு முன்னால் வைத்தால் இனிப்பானதை விட்டுக் கசப்பானதற்குப் போகச் சொல்கிறோம், எந்தப் பிள்ளையும் மறுக்கும். தூங்குவதற்கு முன்னால் வைக்கவே கூடாது. திரையின் வெளிச்சமும் ஆட்டத்தின் பரபரப்பும் சேர்ந்து தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

"இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று கேட்டால்? மூடும் நேரத்தில் பேரம் இல்லை என்பது விதியாகட்டும். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் அன்று உட்காருவதற்கு முன்பே காரணத்தோடு கேட்கலாம்: ஒரு நண்பனின் பிறந்தநாள், வெகு நாளாகக் காத்திருந்த போட்டி. நியாயமாக இருந்தால் மனதாரக் கொடுங்கள். ஒருமுறை அழுகைக்காகக் கொடுத்துவிட்டால், நேரம் அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். கேட்டதால் கொடுத்தால், கேட்டால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதிப்பெண் வாங்கினால் கூடுதல் அரை மணி நேரம், தம்பியை அடித்தால் இரண்டு நாள் கிடையாது என்று கம்ப்யூட்டரைப் பரிசாகவும் தண்டனையாகவும் ஆக்காதீர்கள். வீட்டிலேயே உயர்ந்த பொருள் அதுதான் என்று நாமே அறிவிப்பதாக ஆகிவிடும்.

பிள்ளைகள் கண்டுபிடிக்கும் வழிகள்

பிள்ளைகள் வழி தேடுவார்கள். அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம், ஆனால் வழிகளை அடைத்துவையுங்கள். எல்லாவற்றிலும் சுலபமான வழி, நீங்கள் திறந்தபடி விட்டுவிட்டு எழுந்துபோன உங்கள் கணக்குதான். எழும்போதெல்லாம் திரையைப் பூட்டும் பழக்கம் வேண்டும். விண்டோஸ் விசையையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் போதும். அடுத்தது தாத்தா பாட்டியின் போன். விதி கம்ப்யூட்டருக்கு மட்டும் இருந்தால் பார்வை போனுக்குத் தாவும், அதனால் வீட்டிலுள்ள எல்லாத் திரைகளுக்கும் சேர்த்துப் பேசி, பெரியவர்களிடமும் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் வைஃபை நின்றதும் போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்வார்கள், பென்டிரைவிலிருந்து வேறோர் இயங்குதளத்தைத் திறப்பார்கள். இரண்டாவதைத் தடுக்க, கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் பென்டிரைவிலிருந்து தொடங்குவதை அணைத்துவிட்டு, அதற்குப் பாஸ்வேர்ட் வைக்கலாம். அந்த அளவுக்குத் தெரிந்த பிள்ளையிடம் பூட்டைவிடப் பேச்சுதான் வேலை செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம். கண்டுபிடித்தால் முதலில் எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். ஒளிந்து செய்ததற்கு உரிய பேச்சு அப்புறம் இருக்கட்டும்.

ரவுட்டரில் இரவு நேரத்தில் இணையத்தை நிறுத்தும் வசதி பெரும்பாலும் இருக்கும். ஆனால் இணையம் இல்லாமல் ஓடும் விளையாட்டை அது தடுக்காது, ஆகவே துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வயது வந்தவர்களுக்கான தளங்களை வீடு முழுக்க வடிகட்ட, ரவுட்டரின் டிஎன்எஸ் முகவரியில் (தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைத் தேடித்தரும் சேவையின் முகவரி) கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் தரும் 1.1.1.3 என்ற எண்ணைப் போடலாம், இலவசம்தான்.

உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்கு ஓய்வு: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி அதாவது சுமார் 6 மீட்டர் தள்ளியிருக்கும் எதையாவது 20 விநாடி பார்க்க வேண்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

அதிக நேரம் ஆடுவது மட்டுமே நோய் ஆகாது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் இடம்பெற்றிருக்கிறது. அதற்குச் சொல்லும் அடையாளங்கள் மூன்று: விளையாட்டின் மீது கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முதலாவதாக ஆகிவிடுவது, கெடுதல் கண்முன் தெரிந்தும் தொடர்வது. படிப்பும் நட்பும் குடும்பமும் பாதிக்கப்படும் அளவுக்கு, பொதுவாக 12 மாதமாவது இது நீடித்தால்தான் நோய் என்கிறார்கள். அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்லவில்லை. பிள்ளை தூக்கத்தை விடுகிறது, நண்பர்களை விடுகிறது, முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். சில நேரம் கம்ப்யூட்டர் காரணமாக இருக்காது. பள்ளியில் நடக்கும் ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்கப் பிள்ளை அங்கே ஒளிந்துகொண்டிருக்கலாம். அப்படியிருந்தால் நேரத்தைப் பிடுங்குவது நிலைமையை மோசமாக்கும்.

வயது ஏற ஏற

ஒவ்வொரு பருவத் தேர்வு முடிந்ததும், நேரக் கணக்குப் போட்ட அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பிள்ளையோடு உட்காருங்கள். கணக்கு மாறியிருக்கும், வரம்பும் மாறட்டும். 12, 13 வயதில் தினசரி வரம்புக்குப் பதில் ஒரு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று மொத்தமாகக் கொடுத்துப் பாருங்கள். திங்கட்கிழமையே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு வெள்ளிக்கிழமை கையைப் பிசைந்தால், அந்த வாரம் இடையில் நிரப்பிவிடாதீர்கள். அடுத்த வாரம் அவர்களே பங்கிடத் தொடங்குவார்கள். கண்காணிப்பு எதுவானாலும் பிள்ளைக்குத் தெரிந்தே இருக்கட்டும். ரகசியமாகச் செய்திகளைப் படிக்கும் சாஃப்ட்வேர் வேண்டாம், அது தெரியவரும் நாளில் உங்களிடம் எதையும் சொல்லும் பழக்கமே நின்றுவிடும். 15, 16 வயதில் பகல் நேர வரம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, இரவு மூடும் நேரத்தை மட்டும் விட்டுவைக்கலாம். அந்த வயதிலும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அந்த இரவு நேரத்துக்கு உங்கள் போனும் கூடத்தில் அதே சார்ஜருக்குப் பக்கத்தில் போய்விட வேண்டும்.